பதின்மூன்றாவது விளக்கு

அந்தப் பெட்டி ஒஸ்லோப் புறநகரான குரோருட்டில் அக்காவின் வீட்டு நிலக்கீழறையில், குளிர்காலச் சப்பாத்துகளுக்கும் உடைந்த சறுக்குப்பலகைகளுக்கும் நடுவில் கிடந்தது. யாரோ குப்பையில் எறிந்த அலுமாரியின் பலகையை அறுத்து நானே அடித்த பெட்டி. முன்பக்கத்தில் பதின்மூன்று பல்புகள். எல்லாம் சைக்கிள் விளக்குப் பல்புகள். அக்காவின் நகப்பூச்சால் சிவப்பு நிறம் தீட்டியிருந்தேன். ஒவ்வொன்றின் கீழும் அத்தானின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு பெயர். எஞ்சின், கதவு, காற்று, திசை, ஆண்டுமானி என்று போகும். ஒரு மூலையில் தெறித்திருந்த இரத்தம் காய்ந்து மண்ணிறமாகிவிட்டது. அத்தான் போன மாரியில் மாரடைப்பில் இறந்தபின் அக்கா சிறிய வீட்டுக்கு மாறிப் போவதாக இருந்தாள். உன்ரை பெட்டியை வந்து எடு, இல்லாட்டி குப்பையிலை போடுறன் என்று தொலைபேசியில் சொன்னாள். பத்து வருடத்துக்கும் மேலாக அவளுக்கு அது என் பெட்டிதான். பிழையாக வயர் பூட்டப்பட்ட என் பெட்டி.

நான் லிஃப்ட் திருத்துகிறவள். ஒஸ்லோவில் எந்த மாடிக் கட்டடத்தின் உச்சி அறையைக் கேட்டாலும் எனக்கு வழி தெரியும். அங்கே சுவரில் ஒரு பலகை இருக்கும். லிஃப்ட் இடையில் நின்றுவிட்டால், எந்த உறுப்பில் பழுது என்று அதில் ஒரு விளக்கு எரியும். இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அத்தானுக்குச் சொல்லப்போய்த்தான் எல்லாம் தொடங்கியது. அவர் பஸ் ஓட்டுநர். அதற்கு முன் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டியவர். ஆனால் மனதுக்குள் அவர் நாடகக்காரர். சோற்றுக் கையோடு எழும்பிப்போய்க் கொப்பி எடுத்துவந்தார். அவருடைய அடுத்த நாடகத்துக்குக் காலத்தில் ஓடும் ஒரு கப்பல் கிடைத்துவிட்டது. ஊரை விட்டு வந்தவர்கள் எல்லாரும் அதில் ஏறி, தாங்கள் இழந்ததற்கு முந்திய ஆண்டுக்குத் திரும்பிப் போகப் பார்க்கிறார்கள். கப்பல் பிழையான ஆண்டுகளில் போய்ப் போய் நிற்கிறது. நிற்கும் இடமெல்லாம் ஒரு கொலை. ஒவ்வொரு முறையும் கப்பலின் பொறியியலாளர் பழுதுகாட்டியை, நான் அடித்த அந்தப் பெட்டியைப் பார்த்து ஓர் உறுப்பைத் திருத்துகிறார். கடைசிக் காட்சியில் பன்னிரண்டு உறுப்பும் சரி. ஆனாலும் கப்பல் அசையவில்லை. அப்போது பதின்மூன்றாவது விளக்கு எரிகிறது. அதன் கீழே 'பயணிகள்' என்று எழுதியிருக்கும்.

பயணிகள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஆண்டு வேண்டும் என்பதுதான் கதை. ஒருத்திக்கு இலங்கை ஆமி தன் தகப்பனைக் கொண்டுபோவதற்கு முந்திய ஆண்டு. இன்னொருவருக்குக் குண்டு விழுவதற்கு முந்திய ஆண்டு. ஒரு பயணிக்கு மட்டும், எங்கள் இயக்கத்து ஆட்களே தன் தம்பியைச் சுடுவதற்கு முந்திய ஆண்டு. அதைச் சொன்னதும் மற்றவர்கள் அவரை அடித்துக் கொல்லப் பார்க்கிறார்கள். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. அந்தப் பேச்சை ஒஸ்லோவில் சமையலறைக்குள்ளும் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் கதைப்பார்கள். அத்தான் அதை மேடையில் ஏற்றப் பார்த்தார். கப்டனாக நடித்தவர் சென்னையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர். பாவம், இந்தச் சங்கதி ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. பழுது என்ற சொல்லைத்தான் இரண்டு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தார். வாய் தவறி ரிப்பேர், ரிப்பேர் என்று சொல்லி எங்களைச் சிரிப்பூட்டினார்.

நாடகம் ஏறவிருந்த தமிழர் விழாவின் குழுவுக்கு யாரோ கொப்பியைக் கொடுத்துவிட்டார்கள். முதலில் குழுவின் செயலாளர் அக்கா வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, கடைசிக் காட்சியை வெட்டுங்கோ என்று மரியாதையாகச் சொன்னார். அத்தான் சிரித்துச் சமாளித்தார். பிறகு தொலைபேசிகள் வந்தன. உங்கடை மனிசனைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டை வருவினம் என்று ஒரு குரல் அக்காவிடம் சொன்னது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் காரின் முன்கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். அக்காவின் மகளுடைய இருக்கை முழுவதும் கண்ணாடித் துகள். நானும் அக்காவும் முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். அக்கா சத்தமில்லாமல் அழுதாள். என் சுட்டுவிரலில் ஒரு துகள் ஏறிவிட்டது. அன்றைக்கே அத்தான் காட்சியை வெட்டினார். செயலாளரே வந்து 'பயணிகள்' என்ற பெயரின் மேல் கறுப்பு நாடா ஒட்டிவிட்டுப் போனார். நான் திருப்புளியை அந்த மனிதர் போன கதவின்மேல் வீசினேன். அத்தான் அதை எடுத்து என் கையில் தந்து, "அந்த வயரையும் வெட்டிவிடு, பிள்ளை. அக்கா நல்லாப் பயந்திட்டா" என்றார்.

நான் வெட்டவில்லை. வெட்டக்கூடாது என்று திட்டம் போட்டதாகவும் சொல்ல முடியாது. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அந்த மூன்று நாளும் விரல் வலித்தபடியே இருந்தது.

விழா ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில், சனிக்கிழமை மத்தியானம். நானூறு பேர் இருப்பார்கள். சுவரோரமாக ஏணிகள், மேலே கூடைப்பந்து வளையம், அதன் கீழே எங்கள் மேடை. நான் திரைக்குப் பின்னால் சுவிட்சுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பொறியியலாளர் வேடம் அத்தானுடையது. வெட்டிய நாடகம் நல்லாகத்தான் போனது. பன்னிரண்டாவது விளக்கும் அணைந்தது. கப்பல் புறப்பட வேண்டும், எல்லாரும் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான் மிச்சம். திரை இடுக்கால் பார்த்தேன். முன்வரிசையில் செயலாளர் காலுக்குமேல் கால் போட்டபடி, பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னாரோ, இன்றைக்கும் தெரியாது. காலநிலையைப் பற்றியும் இருக்கலாம். நான் பதின்மூன்றாவது சுவிட்சைப் போட்டேன்.

சபைக்கு அது பெயரில்லாத ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். நாடா அப்படியே இருந்தது. அத்தான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கப்டன் அண்ணை தானாகவே, "இன்னும் ஏதோ ரிப்பேர் போல" என்றார். சனம் சிரித்தது. அத்தான் விளக்கைப் பார்த்தார். பிறகு திரைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் குனிந்து, நாடாவின் ஒரு நுனியை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்தார். உரிபடும் சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது. பெயரை வாசித்தார். பிறகு சபையைப் பார்த்து, நாடகக் குரலை விட்டுவிட்டு, வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னார்: "என்ரை தம்பியைச் சுட்டது ஆமிக்காரன் இல்லை. எங்கடை ஆக்கள்."

அது கொப்பியில் வேறொரு பயணியின் வசனம். அது அவருடைய சொந்தக் கதை என்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பின்வரிசையிலிருந்து முதல் கதிரை வந்தது. மேடை விளிம்பில் பட்டுத் தெறித்தது. பிறகு ஆட்கள் ஏறினார்கள். ஆறு பேரோ ஏழு பேரோ. அத்தானின் இரண்டு கைகளையும் பின்னால் மடக்கிப் பிடித்தவர் பாட்ஸ்பியோர்ட்டில் அவரோடு ஒரே அறையில் இரண்டு மாரி படுத்தெழும்பியவர். இன்னொருவன் மடக்கிய இரும்புக் கதிரையை இரண்டு கையாலும் ஓங்கி முகத்தில் அடித்தான். இரண்டாவது அடியில் கதிரையின் கால் இடது கண்ணில் ஏறியது. விழுந்தபின் சப்பாத்துக் கால்களால் உதைத்தார்கள். விலாவில், கழுத்தில், பொத்திப் பிடித்த கையில். விரல் எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். சபையில் பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட, மிச்சப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைத்தான் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நான் சுவிட்சுப் பலகையோடு பாய்ந்து கதிரைக்காரனின் வாயில் அடித்தேன். பலகை இரண்டாகப் பிளந்தது. அவனுடைய பல் ஒன்று என் கையில் வந்து விழுந்தது. இன்னும் அடித்தேன். அவன் விழுந்தபிறகும் அடித்தேன். சந்தோசமாக இருந்தது என்று இங்கே எழுதுகிறேன். பொய் சொல்லி என்ன பயன். அக்கா எப்போது மேடையில் ஏறினாளோ தெரியாது. அத்தானுக்கு மேலே குப்புற விழுந்து கிடந்தாள். அவள் முதுகிலும் இரண்டு உதை விழுந்தது. பொலிஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்து, மண்டபம் வெறும் கதிரைகளாகக் கிடந்தது.

இடது கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணோடு பஸ் ஓட்ட அனுமதியில்லை. அவர் அலுவலகங்களில் நிலம் துடைக்கப் போனார். நாடகக் கொப்பி எதையும் பிறகு கையில் எடுக்கவில்லை. வெட்டிய காட்சி எப்படி வந்தது என்று பொலிஸ் கேட்டதற்கு, பெட்டியில் வயர் தளர்ந்து விளக்குத் தானாக எரிந்ததாகவும், அதைப் பார்த்துத் தான் நிதானம் இழந்துவிட்டதாகவும் அத்தான் நோர்வேஜிய மொழியில் எழுதிக் கொடுத்தார். அக்காவுக்கும் அதையேதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் நான் தனியே நின்ற ஒரு நேரம், கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பாமல், "பெட்டி நல்லாத்தான் வேலை செய்தது, பிள்ளை" என்றார். பிறகு, "அக்காவுக்குச் சொல்லாதை" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் வாயால் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் என் வீட்டு யன்னலில் கிறிஸ்மஸ் விளக்குப் பூட்ட வந்து, ஏணியில் நின்று, ஒற்றைக் கண்ணால் பல்பைச் சரிபார்த்துவிட்டுப் போவார்.

நான் வேலை தெரியாதவள் என்ற பெயரோடு இருந்துகொண்டேன். அக்கா கோபத்திலும் பகிடியிலும் என் வயர் பூட்டலைச் சொல்லிக் குத்துவாள். தொழில் மானம் போனால் போகட்டும், அது எனக்கு மலிவான தண்டனை. நாடாவை உரித்தது அவர்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உச்சி அறைப் பலகை லிஃப்ட் எதனால் நின்றது என்று சொல்லும். யார் நிறுத்தியது என்று சொல்லாது. வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அந்தப் பலகையின் முன்னால் நிற்கிறேன்.

சென்ற மாசியில் நிலக்கீழறையில் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவிட்சுப் பலகை அன்றைக்கே உடைந்ததால், கொண்டுபோன பற்றரியைப் பெட்டிக்குள் வைத்துக் கம்பிகளை நேரே முறுக்கினேன். பதின்மூன்றும் பத்தின. ஒரு தளர்வும் இல்லை.

"பாரக்கா," என்றேன். "இதிலை ஒரு பழுதும் இல்லை. லைற் தானாப் பத்தேல்லை. நான்தான் போட்டனான்."

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்குத் தெரியுமோ?"

"ஓம். அண்டைக்கே தெரியும்."

அக்கா என்னைச் சின்ன வயதிலும் அடித்ததில்லை. கன்னத்தில் விழுந்த அடியில் காது இரைந்தது, தலை இரும்பு அலுமாரியில் மோதியது. இன்னொன்றும் விழும் என்று அப்படியே நின்றேன். விழவில்லை. அவள் முழங்காலில் நின்று, அத்தானின் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். எஞ்சின். கதவு. காற்று. திசை. நாடா உரிந்த இடத்தில் பசை இன்னும் ஒட்டியது. அங்கிருந்த பெயரை வாசிக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"கொண்டு போ," என்றாள். "இஞ்சை வராதை கொஞ்ச நாளைக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். வெளியில் பனி கொட்டியது, பஸ் தரிப்பிடத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான் கவனித்தேன். பற்றரியைக் கழற்ற மறந்துபோனேன். என் நெஞ்சுக்கு நேரே பதின்மூன்று விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.