மாமாவின் குதிரைத் தளபதி

அன்று எங்கள் ஆரையம்பதி வீட்டுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: அம்மா, அப்பா, அம்மாவின் அண்ணனான மாமா, மாமாவின் மகனான மச்சான், பன்னிரண்டு வயதில் நான். ஒரு நாள் தங்கிப் போகலாமென்று கல்லடியிலிருந்து வந்த மாமாவும் மச்சானும் ஊரடங்கில் மாட்டி வாரக்கணக்காக எங்களோடு இருந்தார்கள். ஆறாவதாக ஒருவரும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பிழை என்னுடையது என்று மாமா பிறகு வேறு மாதிரிச் சொல்லித் திரிந்ததுதான்; நடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள் ஐந்து பேர் மட்டுமே.

மாமாவும் மச்சானும் நானும் ஒரே அணியாக விளையாடியது போனில் கோட்டை பிடிக்கும் விளையாட்டு. படையை யாரும் வளர்க்கலாம். ஆனால் ஒரு தளபதிக்குக் கீழேதான் அது சண்டைக்குப் போகும். தளபதிக்கு என்ன திறமையோ அதுதான் படைக்கு ஏறும். மாமாவின் தளபதி குதிரைக்காரன். அவனோடு போனால் குதிரைப்படைக்கு வேகமும் பலமும் கூடும், வில்லாளருக்கு ஒரு மண்ணும் கிடையாது. என் தளபதி ஒரு பெண். அவளுக்குக் கீழே அம்பு தூரம் போகும், அடிபட்டவர்களில் பாதிப் பேர் சாகாமல் திரும்பி வருவார்கள். பல பேர் சேர்ந்து தாக்கினால், முன்னுக்குப் போகிறவரின் தளபதிக்குள்ள திறமைதான் எல்லோருக்கும். எங்கள் மூவரிடமும் இருந்ததோ முக்கால்வாசி வில்லாளர்கள். பிறகு எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே இது விளங்குகிறது!

சார்ஜ் இறங்கிவிடுமோ, டேட்டா முடிந்துவிடுமோ, நான் தூங்கும்போது எவனாவது வந்து அடித்துவிடுவானோ என்று அப்பாவின் போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பயந்து பயந்து வளர்த்த படை அது. ஒவ்வொரு திறமைக்கும் கீழே இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்து அப்பாவுக்கும் சொல்வேன். வாவியில் இறால் பட்டாலும் வாங்க ஆளில்லாத நாட்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே அவரும் எல்லாவற்றையும் விளங்கி வைத்திருந்தார்.

“நான் முன்னுக்குப் போறன்,” என்றேன்.

மச்சான் சிரித்தான். “மச்சாள்ட பொம்பிளைக்குப் பின்னால எங்கட குதிரை வராதாம்.”

அடுப்படியிலிருந்து அம்மா, “மாமா இருக்கக்குள்ள நீ என்னகா முன்னுக்கு நிக்கிற?” என்றா.

“நான் பெரியபிள்ளையானாச் சாமத்திய வீட்டுக்கு மாமா முன்னுக்கு நிக்கட்டும். கோட்டை பிடிக்கவுமா?”

“வாய் கூடிப்போச்சு இவளுக்கு.” மாமா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ட குதிரையப் பாரு, என்ன வடிவு! உன்ட ஆக்கள இஞ்சால அனுப்பு புள்ள.”

அனுப்பினேன். மாமாவிடம் மாட்டேன் என்று சொல்லி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. குதிரைக்காரன் பறந்துபோய்க் கோட்டை வாசலில் நின்றான். பின்னால் போன என் வில்லாளர்கள் அம்பு எட்டாத இடத்தில் நின்று அடிவாங்கினார்கள். விழுந்தவர்களைத் திருப்பிக் கூட்டிவர யாருமில்லை. ஒருவர்கூட மிஞ்சவில்லை.

மாமா போனைக் கவிழ்த்து வைத்தார். “புள்ள தந்த ஆக்கள் சரியில்ல. பலமில்லாத படை.”

“பலமில்லாத படையோ? உங்கட தளபதிக்கு வில்லெண்டா என்னெண்டே தெரியாது! அப்பா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுந்தானே?”

அப்பா வலையை விட்டு நிமிரவில்லை. “மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மகள்.”

மாமாவையாவது விடலாம், அவர் எதையும் வாசிக்காதவர். அப்பா தெரிந்துகொண்டு சொன்னார். அவரோடு பல நாட்கள் நான் கதைக்கவில்லை. சோற்றைப் பிசைந்து நீட்டினாலும் முகம் பாராமல் எழும்பிப் போனேன்.

அப்பாவின் தோணி மாமா கடனாகத் தந்த காசில் வாங்கியது என்பதோ, இறால் விற்காத மாதங்களில் மாமா அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தார் என்பதோ, அப்பா வாய் திறந்தால் அவரும் திறப்பார் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகும் ஆத்திரம் ஆறவில்லை. என் வில்லாளர்கள் மாமாவுக்கு எதுவும் கொடுக்க வேண்டியவர்கள் இல்லை. கொடுக்க வேண்டியவர் அப்பா: இன்னும் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.