காளியாத்தாள் கட்டிய பொட்டலம்

எங்கள் கோயிலில் சாமியிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் முதலில் என்னிடம் டோக்கன் வாங்க வேண்டும். பத்தொன்பது வருடமாக வேலன்கரடு என்ற குன்றின் அடிவாரத்தில் டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் சென்னகிருஷ்ணன். வீடு கணபதியில். காந்திபுரத்தில் பஸ் மாறி, சூலூரில் இறங்கி, அங்கிருந்து ஒரு மினிபஸ். வேலைக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பொறுமை போய்விடும். மீதியை வரிசையில் நிற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பூ கேட்பது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிவிட்டால் எது எதுவென்று தெரியாது. குருக்கள் இரண்டையும் முருகன் காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டி, கையில் அகப்பட்ட ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பிரித்துப் பார்த்தால் வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் நிறுத்து. பெண் கொடுப்பது, போர்வெல் போடுவது, பங்காளியோடு ராசியாவது எல்லாம் அதற்குப் பிறகுதான். மிச்சமிருக்கும் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. மலைமேல் மகிழமரத்தடியில் ஒரு கல்தொட்டி இருக்கிறது, அதில் போட்டுவிட வேண்டும்.

செவ்வாயும் வெள்ளியும் உச்சிகாலப் பூஜை முடிந்ததும் நடக்கும். நாளொன்றுக்கு அறுபது டோக்கன். ஒரு வீட்டார் ஒருமுறை கேட்டுவிட்டால் மறுபடி கேட்க நாற்பத்தெட்டு நாள் ஆக வேண்டும். என்ன கேட்கப் போகிறார்கள் என்று நான் கேட்கக் கூடாது. பெயரும் போன் நம்பரும் எழுதி, பழைய நோட்டைப் புரட்டி, நாள் ஆகிவிட்டதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதை நன்றாகவே பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜன்னலுக்கு நேர் எதிரே காளியாத்தாளின் பூக்கடை. கடை என்றால் நாலு கல்லின் மேல் ஒரு பலகை, மேலே நீல நிறத் தார்ப்பாய். எனக்கு மூன்று வருடம் முன்பே அங்கே வந்தவர். அவருக்கு இரண்டு பக்கமும் பூக்கடைகள் உண்டு. ஆனாலும் பூ கேட்க வருபவர்கள் காளியாத்தாளிடம்தான் கூடுவார்கள், ஏனென்றால் அவருடைய பொட்டலங்கள் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருக்கும். கட்டுவதற்கு முன் வெள்ளையையும் சிவப்பையும் உயர்த்திப் பிடித்து, "பாத்துக்குங்" என்பார். வாங்குபவர் தலையாட்டினால்தான் இலையை மடிப்பார். எத்தனை கூட்டமானாலும் இதை விடமாட்டார். பக்கத்துக் கடைக்காரி அன்புக்கரசி இதைச் சொல்லிக் கேலி செய்வாள். "அக்கா கோர்ட்டுல சாட்சி சொல்றாப்ல பூக் கட்டுது" என்பாள்.

ஒருமுறை ஒரு மில்காரர் வீட்டம்மா காரிலிருந்து இறங்கிவந்து, மகனுக்குப் பார்த்திருக்கும் சம்பந்தம் நல்ல இடம், கைவிட்டுப் போகக் கூடாது, இரண்டிலும் வெள்ளையே வைத்துக் கட்டிக்கொடு என்று காதோடு கேட்டார். காளியாத்தாள் எல்லோருக்கும் கேட்கும்படியே பதில் சொன்னார்.

"சாமிய ஏமாத்திப்போடலாமுங்க. என்ற கைய ஏமாத்த முடியாதுங்க. வேற கடையில கேட்டுப் பாருங்."

அந்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஜன்னலுக்குள் உட்கார்ந்து நான் சிரித்தேன். நம்மைப்போல் இன்னொரு ஆள் இந்த அடிவாரத்தில் இருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. அவரையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த என் புத்தியை என்னவென்று சொல்ல.

காளியாத்தாளின் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் சூலூரில் தறி ஓட்டியவர். சர்க்கரை வியாதிக்காரர். பிள்ளைகள் இல்லை. போன சித்திரையில் கரட்டைச் சுற்றிக் கிரிவலம் வந்தார், வெறுங்காலோடு, மத்தியானத்தில். காலில் உணர்ச்சி மரத்துப்போயிருந்ததால் பாறை சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் தோல் கையோடு வந்ததாம். கொப்புளம் புண்ணாகி, புண் விரலுக்கு ஏறியது. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு விரலை இப்போதே எடுத்துவிட்டால் காலுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்.

நஞ்சுண்டன் சாமி உத்தரவில்லாமல் கத்தி படக்கூடாது என்றுவிட்டார். அவரை மட்டும் முட்டாள் என்று சொல்லாதீர்கள். இங்கே பாதிப் பேர் அப்படித்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினார். காலில் பிளாஸ்டிக் கவர் சுற்றியிருந்தது. நான்தான் டோக்கன் எழுதினேன், நம்பர் பதினேழு. மனைவியின் பலகைக்கு முன்னால் ஊன்றுகோலோடு நின்று, மற்றவர்களைப் போலவே பூவைப் பார்த்துத் தலையாட்டினார். காளியாத்தாள் வெள்ளையையும் சிவப்பையும் காட்டிவிட்டு, எப்போதும் கட்டுவதுபோலவே கட்டினார். மலைமேல் கிருபாசங்கர் குருக்கள் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது.

நஞ்சுண்டன் ஆட்டோவில் ஏறி வீட்டுக்கே திரும்பிவிட்டார். காளியாத்தாள் கூடப் போகவில்லை. அன்றைக்கு இன்னும் நாற்பத்துமூன்று பேருக்குப் பொட்டலம் கட்ட வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை, டோக்கன் வரிசையில் கடைசி ஆளாகக் காளியாத்தாள் வந்து நின்றார். பக்கவாட்டுக் கதவைத் தட்டியிருந்தால் திறந்திருப்பேன். அப்படிச் செய்யாமல், இடுப்பில் பூக்கூடையோடு முக்கால் மணி நேரம் வெயிலில் நகர்ந்து வந்தார்.

"ஏனுங்க தம்பி, ஒரு டோக்கன் குடுங்."

"யாருக்குங்க்கா?"

"எங்கண்ணன் பேருல எழுதிக்குங்."

எனக்கு விளங்கிவிட்டது. "பத்து நாள்தானுங்க்கா ஆச்சு."

"தெரியுமுங். கால் கறுத்துப்போச்சுங். ஊட்டுக்குள்ள நாத்தம் தாங்க முடியறதில்லீங். இனி முழங்காலுக்குக் கீழ எடுக்கோணும், அதும் இந்த வாரத்துக்குள்ளன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. இவரு அசைய மாட்டேங்கறாரு. இன்னொருக்கா நானே போயிப் பூக் கேட்டுப்போட்டு வாரேன்னு சொல்லீட்டு வந்திருக்கறனுங். அதுக்கு ஒத்துக்கிட்டாரு."

"உங்களுக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமுன்னு நான் பேச முடியாதுங்க்கா. நாளைக்கு இந்த வரிசையில நிக்கறவங்க என்ற சட்டையப் புடிப்பாங்க."

"ஒருக்காத்தானுங் தம்பி."

"நாப்பத்தெட்டு நாளுன்னா நாப்பத்தெட்டு நாளுங்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். டோக்கன் நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. அவருடைய கூடை என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் வெள்ளை அரளி மட்டும்தான் இருந்தது, சிவப்பு ஒன்றுகூட இல்லை. சிவப்பு அதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே மாதத்தில் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் போன் செய்தார் என்று அவர் சொந்தக்காரருக்கு இருபதாம் நாளே டோக்கன் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர்களுக்கு ஏதோ வாய்க்கால் தகராறு.

நஞ்சுண்டன் பூக் கேட்ட இருபத்தொன்பதாம் நாள் செத்துப்போனார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. கடைசி இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். நான் துக்கம் கேட்கப் போனேன். காளியாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "தம்பிக்கு ஒரு சேர் எடுத்துப் போடுங்" என்று மட்டும் யாரிடமோ சொன்னார். அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

தீட்டுக் கழிந்ததும் அவர் மறுபடி கடைக்கு வந்தார். தார்ப்பாயை அன்புக்கரசி கட்டிக் கொடுத்தாள். மலைமேல் மட்டும் ஒரு வருடத்துக்குப் போகக் கூடாது, அடிவாரத்தில் உட்கார்ந்து பூக் கட்டலாம். பழையபடி பூவை உயர்த்திக் காட்டினார், பழையபடி "பாத்துக்குங்" என்றார். ஜன்னலில் இருந்து நிமிர்ந்தால் அவர் முகம்தான் தெரியும். நான் என் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

இந்தத் தை மாதம் என் மனைவி ராமாமணிக்கு அடிவயிற்றில் வலி வந்தது. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி. அது எந்த மாதிரிக் கட்டி என்று டாக்டருக்குச் சந்தேகம். பத்து நாளுக்குள் எடுத்தாக வேண்டும் என்றார். நான் சரி என்றேன். மாமியார் ரங்கம்மாள் போனில் அழுதார். "மாப்ள, கோயில்லயே இருந்துக்கிட்டு ஒரு பூக் கேக்காம புள்ளயக் கத்திக்குக் குடுக்கறீங்களே" என்றார். ராமாமணியும் தாயார் பக்கம் சேர்ந்துகொண்டாள். பூ வெள்ளையாக வந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதக்காரி. சிவப்பு வந்தால் நாற்பத்தெட்டு நாள். அந்தக் கணக்கு என்னைவிட யாருக்குத் தெரியும்.

என் கையாலேயே எனக்கு டோக்கன் எழுதினேன். ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு காளியாத்தாளின் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். அத்தனை வருடத்தில் அவரிடம் பூ வாங்கப் போனது அதுதான் முதல்தடவை.

"என்னங் தம்பி, நீங்களா?"

"ஊட்டுல அம்மணிக்குங்க்கா" என்றேன்.

அவர் ஸ்கேன் கவரைப் பார்த்தார். எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி என்று ஒன்றும் கேட்கவில்லை. பலகைக்குக் கீழே குனிந்து கொஞ்ச நேரம் இருந்தார். நிமிரும்போது கையில் இரண்டு பொட்டலம் கட்டி முடிந்திருந்தது. "போயிட்டு வாங்" என்றார்.

மேலே குருக்கள் தீபாராதனை காட்டும்போது நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடம் எத்தனை ஆயிரம் பேரை இப்படி ஒரு கையைப் பார்த்து நிற்க அனுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. குருக்கள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். வெள்ளை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்றதைப் போடக் கல்தொட்டிக்குப் போனேன். தொட்டிக்குமேல் கையை நீட்டியபோதுதான் நினைவு வந்தது. காளியாத்தாள் எனக்குப் பூவைக் காட்டவில்லை. "பாத்துக்குங்" என்று சொல்லவில்லை.

பிரிக்கக் கூடாது என்று அந்த மகிழமரத்தில் எழுதி மாட்டியிருப்பதே என் கையெழுத்துதான். பிரித்தேன். அதிலும் வெள்ளை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் இடுப்பில் இருந்த கூடை அப்படியே கண்முன் வந்தது. மில்காரர் வீட்டம்மாவுக்கு இல்லை என்று சொன்ன கை அது. அந்தக் கையையும் ஏமாற்றிவிடுவது என்று முடிவுகட்டி, வெள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு, நஞ்சுண்டனுக்காக வரிசையில் வந்து நின்றிருக்கிறார். நான் ஒரு பெயரை மாற்றி எழுதியிருந்தால் போதும். நஞ்சுண்டன் ஒரு காலோடு இன்றைக்கு அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருப்பார். நான் கடிகாரம் பார்த்தேன்.

கல்தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பூ சிவப்பாக வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இறங்கி வந்தபோது காளியாத்தாள் இலை நறுக்கிக்கொண்டிருந்தார். பிரித்த இரண்டு பொட்டலமும் என் சட்டைப் பையில் இருந்தன. அவர் என் பையைப் பார்த்தார், பிறகு என் கண்ணைப் பார்த்தார்.

"வெள்ளைதானுங்களே?"

"வெள்ளைதானுங்க்கா."

"அப்பறம் என்னங். அம்மணியக் கூட்டீட்டு நாளைக்கே போயிப்போடுங். நாள் கடத்தாதீங்."

எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. நான் விலகியதும் காளியாத்தாள் ஒரு வெள்ளையையும் ஒரு சிவப்பையும் எடுத்து அவர்களுக்கு உயர்த்திக் காட்டினார்.