சுகுமாறன் விரித்த பச்சைப் புல்

சுகுமாறன் முழந்தாளிட்டு, செயற்கைப் புல்லின் ஓரத்தைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தான். காப்பார் ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவனும் அவன்தான். பாலர் வகுப்புப் பிள்ளைகள் சிமெண்டு முற்றத்தில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து, முற்றத்தை மாற்றித் தருகிறேன் என்று அவனாகவே முன்வந்தான்.

வேலை முடிந்து மாலையில்தான் வருவான். பூட்ஸோடு நடந்து பார்த்து, "மெத்தை மாதிரி இருக்கு லா, ஆன்டி" என்பான்.

"மேலே கூரை?" என்று கேட்டேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பாலர் வகுப்பில் உதவுகிறேன்.

"கூரை போட்டா பிள்ளையார் மறைஞ்சிருவாரு. திறப்பு விழா போட்டோ நல்லா வராது."

முற்றத்தின் நடுவில் சின்னப் பிள்ளையார் கோயில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிடுவோம்.

ஒத்திகை நல்ல வெயிலில் நடந்தது. பிள்ளைகள் வெறுங்காலோடு புல்லில் கைகூப்பி நின்றார்கள். சுகுமாறன் கைப்பேசியில் படம் பிடித்தான்.

"யாரும் அசையக் கூடாது!"

அசையவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. அவன் மகள் புனிதா ஒரு காலைத் தூக்கினாள்.

"காலைக் கீழ வை, புனிதா!"

வைத்தாள். "சுடுதுப்பா" என்று அலறினாள்.

நான் ஓடிப்போய்ப் புல்லைத் தொட்டேன். தோசைக்கல்தான். பிள்ளைகளை வாரிக்கொண்டு குழாயடிக்குப் போனோம். புனிதாவுக்கும் வேறு சிலருக்கும் உள்ளங்காலில் கொப்புளம்.

"பற்பசை தடவலாமா, ஆன்டி?"

"ஒண்ணும் தடவாதே. தண்ணியில பிடி."

மகளின் பாதத்தைக் குழாய்க்கு அடியில் பிடித்தான். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. நான் மற்றப் பிள்ளைகளின் கால்களைக் கவனித்தேன்.

கொப்புளம் வந்த பிள்ளைகளைக் கிளினிக்குக்கு அனுப்பிய பிறகு தலைமையாசிரியர் சபாபதி தாழ்ந்த குரலில் சொன்னார்: "விழாவை சாயங்காலம் வச்சுக்கலாம். வெயில்னு சொல்லிக்கலாம், தலைவரே. உங்க பேரு கெட வேணாம்."

சுகுமாறன் கழுத்துவரை சிவந்தான். "வெயிலா சார் அதுங்கள நிக்க வச்சிச்சு?"

மறுநாள் காலை நான் போனபோது முற்றத்தில் புல் இல்லை. சிமெண்டில் பசைக்கறை மட்டும் திட்டுத்திட்டாக இருந்தது. சுகுமாறன் பள்ளி வாசலில் நின்று, பிள்ளையை இறக்கிவிட வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தினான். "நான்தான் போட்டேன். சுடுதுன்னு அழுததுங்க, நான்தான் நிக்கச் சொன்னேன்." ஒரு தாய் வாய்க்கு வந்தபடி திட்டினாள். தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டான். பிறகு அடுத்த காரை நோக்கிப் போனான்.