மறுபடி அக்காவும் கடலடி வாயுவும்

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘மறுபடி அக்கா’தான். எந்தப் படத்தை நீட்டினாலும் “மறுபடி பாரு” என்பாள். பக்கத்து மேசைக்காரனான எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். டீயையாவது ஒரே மூச்சில் குடிப்பாளா? அதையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நடப்பாள்.

எங்கள் பிழைப்பு இதுதான். கப்பலிலிருந்து கடலுக்குள் ஒலியை அனுப்புவார்கள். கடலடிப் பாறைகளில் பட்டு அது திரும்பும். சில வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி அனுப்புவார்கள். புதிய பதிவிலிருந்து பழையதைக் கழித்தால் மாறாத பாறையெல்லாம் மறைந்துபோகும். இடம்பெயர்ந்த எண்ணெயும் தண்ணீரும் வாயுவும் மட்டும் கறையாகத் தெரியும்.

அன்று காலை வந்த படம் முழுக்கக் கறை. அதில் ஒன்றைப் பார்த்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாறைப் பிளவு வழியாக வாயு மேலேறி, துளையிடும் கப்பலுக்கு நேர் கீழே வந்திருந்தது. மறுநாள் அங்கே துளை போடப்போகிறார்கள். வாயுவில் துளை இறங்கினால் சீறிக்கொண்டு மேலே வரும். தீப்பிடித்தால் கப்பலே மிஞ்சாது. அந்தக் கப்பலில்தான் அவள் தம்பி வேலை செய்கிறான்.

“நிறுத்தச் சொல்லுங்க சார்” என்று தலைவரின் அறைக்கே போய் நின்றாள்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “போன வருஷமும் இதையேதான்மா சொன்னே. கப்பல் ஒரு வாரம் சும்மா நின்னுச்சு. கடைசியில என்ன? ஓதத்தைக் கழிக்க மறந்திருந்தே. சாயங்காலத்துக்குள்ள உறுதியா சொல்லு.”

கடல் ஏறி இறங்குவதுதான் ஓதம். தண்ணீர் உயர்ந்திருக்கும்போது ஒலி திரும்பக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தைக் கழிக்காவிட்டால் அசையாத பாறைகூட அசைந்ததாகக் காட்டும். எங்கள் தொழிலுக்கென்றே பிறந்த மடத்தனம் அது.

அவள் தம்பியை ஸ்பீக்கரில் அழைத்தாள். “டேய், நாளைக்கு லீவு போட்டுடு.”

“நடுக்கடல்ல லீவு போட்டு எங்க போறது? ஆரம்பிச்சிட்டியா? போன தடவை நீ பண்ணின கூத்துக்கு இங்க இன்னும் என்னை ஓட்டுறாங்க. மானத்தை வாங்காதே!” வைத்துவிட்டான்.

அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மத்தியானம் போல் கண்டுபிடித்தாள்: பழைய பதிவில் யாரோ ஓதத்தை இரண்டு முறை கழித்திருந்தார்கள். நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“போச்சுக்கா. இதுவும் அதே கதைதான்.”

“வாயை மூடு” என்றவள், பிழையைத் திருத்திக் கணினியை மறுபடி ஓடவிட்டாள்.

படம் வந்தது. மற்றக் கறையெல்லாம் துடைத்தாற்போல் போயிருந்தது. பிளவின் மேலிருந்தது மட்டும் முன்னைவிடத் தெளிவாக நின்றது. அவள் அழுதே விட்டாள். தலைவர் படத்தைப் பார்த்தார், போனை எடுத்தார். கப்பல் அன்றே இடம் மாறியது.

துளை போடாததால் அவள் சொன்னது சரியா என்று யாருக்கும் தெரியவில்லை. “சும்மா பூச்சாண்டி காட்டிட்டா” என்று காதுபடவே பேசினார்கள். அவளுக்கும் தூக்கம் போயிற்று. சில மாதம் கழித்து அங்கே மட்டும் ஓர் அவசரப் பதிவு எடுத்தார்கள், அப்போதுதான் தெரிந்தது: கறை இன்னும் மேலேறி, கப்பல் நின்றிருந்த அதே இடத்தில் கடல்தரையைத் தொட்டிருந்தது. படத்தைத் தம்பிக்கு அனுப்பினாள்.

பிறகு அவனே அழைத்தான். கிண்டலடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, அடுத்த வாரம் புது இடத்துல துளை போடுறோம். மறுபடி பாத்தியா?”