சலித்தெடுத்த அழுக்கு

இடது கை ஒரு ரப்பர் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தது. வலது கை அதன் அடியில் பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை நுழைத்து, இப்படியும் அப்படியும் திருப்பியது. கண்ணாடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. வலது கை கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, முடி தேய்ந்த பல் பிரஷ் ஒன்றை எடுத்தது. நாலு தேய்ப்பு. மறுபடியும் கண்ணாடி.

"இன்னும் கொஞ்சம் பெரிசா வாயைத் திறக்கச் சொல்லேன்" என்றார் மாமா. அவர் காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆடாம உட்காருங்க மாமா. நீங்க பக்கத்தைத் திருப்பினா இங்க எஞ்சின் ஆடுது."

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். பல்லைப் பிடுங்குவது டாக்டர். பிடுங்கிய கருவியைக் கழுவி, கொதிக்க வைத்து, உலர்த்தி, உறையில் போட்டு ஒட்டுவது இவள். ஒரு இடுக்கியில் புள்ளி தெரிந்தால் அது கறையா, துருவா, ஜன்னலின் நிழலா என்று தெரியாமல் உறைக்குள் போட மாட்டாள். வீட்டில் அவளுக்கு சோப்பு என்று பெயர். அவளுக்கு அது பிடிக்காது. கேலி என்பதால் அல்ல. "சோப்பு போட்டா படிவு நிக்கும்" என்பாள்.

அக்கா, மாமாவின் வீட்டில்தான் சோப்பு தங்கியிருக்கிறாள். அவளுக்கென்று ஒரு அறை உண்டு. அதாவது, உண்டு என்று பேச்சு. அக்கா தையல் வேலையை ஆரம்பித்ததும் முதல் மெஷின் அந்த அறைக்கு வந்தது. "தற்காலிகமாத்தான்டி." பிறகு இரண்டாவது வந்தது. பிறகு ஓரம் அடிக்கும் மெஷின். இப்போது சோப்பு கட்டிலில் நீட்டிப் படுத்தால் கால் அதன் மேஜைக்கு அடியில் போகும். ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தால் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி பாதி தைத்த கவுனோடு கண்ணாடி முன் நின்று, "தூங்கும்மா, நீ தூங்கு" என்பார். ஒருநாள் தூக்கத்தில் தோளில் ஏதோ குத்த, எழுந்து பார்த்தால் அக்கா குண்டூசியோடு நிற்கிறாள். "அசையாதே. அவங்களுக்கும் உன் தோள் அளவுதான்."

மெஷின்கள் போவதற்கு இடம் இருந்தது. வீட்டின் பக்கவாட்டில் கூரை போட்ட ஷெட். ஆனால் அதில் மாமாவின் கார் நின்றது. மாமா வேலைக்கு ஸ்கூட்டரில் போகிறவர். காரை அவர் ஓட்டுவதைவிட உட்காருவதுதான் அதிகம். "கார் போனா ஷெட்டு எனக்கு, ரூம் உனக்கு" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாமாவிடம் யாரும் கேட்கவில்லை.

காரை விலைக்குக் கேட்டு முதலில் வந்தவர் பானட்டைத் திறந்தார். எலி கூடு கட்டியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூடிவிட்டுப் போனார். அதனால்தான் இந்தச் சனிக்கிழமை சோப்பு கையுறை மாட்டினாள்.

எஞ்சின் கழுவ யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, "பைப்பைப் பிடிச்சு ஓங்கி அடிங்க, எல்லாம் போயிடும்" என்றார். எல்லாம் என்றதில் கரண்ட் பெட்டியும் அடக்கமா என்று அவர் சொல்லவில்லை. அவள் தன் வழியில் போனாள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தாள். பேட்டரி ஒயரைக் கழற்றினாள். ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், காற்று இழுக்கும் வாய், நனையக் கூடாத எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். முதலில் தண்ணீரே இல்லை: எலிக் கூடு, இலைச் சருகு, மண் எல்லாம் உலர்ந்த பிரஷ்ஷால் வெளியே வந்தன. பிறகு கிரீஸ் கரைக்கும் மருந்து, தேய்ப்பு, செடிக்குத் தெளிக்கும் பம்பால் பூவாகத் தண்ணீர், உடனே துணி. ஒரு இடம் முடிந்து, உலர்ந்து, கண்ணாடியில் பார்த்து நிறைவான பிறகே அடுத்த இடம்.

மாலையில் பைகளைக் கழற்றி, பேட்டரியை மாட்டி, வண்டியைக் கிளப்பச் சொன்னாள். முதல் திருப்பிலேயே கிளம்பியது. அக்கா வந்து எட்டிப் பார்த்து, "இதுல சோறே போட்டுச் சாப்பிடலாம்" என்றாள்.

"போடாதே. கறை பிடிக்கும்."

மறுநாள் ஒரு பள்ளி வேன் டிரைவர் வந்தார். மகளுக்காகக் கார் பார்க்கிறார். பானட்டைத் தூக்கினார். அப்படியே நின்றார். சோப்பு அடக்கமாகத் தரையைப் பார்த்தாள்.

"இது யார் கழுவினது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

வாழ்க்கையில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. "அழுக்கா இருந்துச்சு" என்றாள்.

"எஞ்சின்னா அழுக்காத்தான் இருக்கும். அழுக்குக்காகக் கழுவினீங்களா, ஆயில் ஒழுகுறதை மறைக்கக் கழுவினீங்களா?"

"ஒழுகலைங்க" என்று மாமா குறுக்கே வந்தார். "ஒழுகியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. அவ்வளவு அழுக்கு."

வேன் டிரைவர் தலையாட்டினார். "அனுபவத்துல சொல்றேன் சார். விக்கிறதுக்கு முன்னால எவனும் சும்மா எஞ்சினைக் கழுவ மாட்டான்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெரு திரும்பும்வரை அக்கா சிரித்த முகத்தோடு இருந்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். மாமா பேப்பரோடு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில டிரைவிங் ஸ்கூல்காரர் வர்றார்" என்றாள் அக்கா. "அவரும் இதையேதான் கேப்பார். ஒரே வழி. பழையபடி அழுக்காக்கு."

"அக்கா!"

"உனக்கு ரூம் வேணுமா, வேண்டாமா?"

சோப்பு கட்டிலையும் மெஷின்களையும் நினைத்துப் பார்த்தாள். தோளில் குத்திய குண்டூசியை நினைத்துப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்தாள்.

மின்விசிறி இறக்கை, பீரோவின் தலை, கட்டிலின் அடி, மெஷின்களின் கீழ் என்று வீட்டிலுள்ள தூசியையெல்லாம் ஒரு தட்டில் கூட்டி வந்தாள். அவள் இருக்கும் வீட்டில் தூசி கிடைப்பதே பாடு. அக்காவின் தையல் புண்ணியத்தில் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின்மேல் தூவினாள். கண்ணைத் திறந்தால் எஞ்சின் முழுக்க இளஞ்சிவப்பு நூல், பச்சை நூல், நடுவில் மினுமினுக்கும் ஜிகினா.

"என்னடி இது, எஞ்சின் கச்சேரிக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கு!" என்றாள் அக்கா.

சோப்பு துணியை எடுத்தாள். எல்லாவற்றையும் துடைத்தெடுத்தாள். தூசியை மறுபடி தட்டில் கொட்டி, சமையலறையிலிருந்து மாவு சல்லடையைக் கொண்டுவந்து சலித்தாள். சல்லடைக்குத் தப்பிய நூல்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"என்ன பண்றே?" என்றார் மாமா, கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கி.

"அழுக்கைச் சுத்தம் பண்றேன்."

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

அதற்கும் மேலே போனாள். தூசி மேலிருந்து விழுவது; எனவே குழாயின் முதுகில் இருக்கலாம், வயிற்றில் இருக்கக் கூடாது. மேலே மெலிதான தூசி, மூலைகளில் கொஞ்சம் மண். அக்காவின் பவுடர் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்தாள். அதிகம் விழுந்த இடத்தில் ஊதினாள். முடித்துவிட்டு நாலு அடி தள்ளி நின்று பார்த்தாள். குற்றம் சொல்ல முடியாத அழுக்கு.  அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பிறர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தே தலை நரைத்த மனிதர். எதிரே யாராவது சட்டென்று நகர்ந்தால், நிற்கிற இடத்திலேயே அவர் வலது கால் தரையை அழுத்தும். அக்கா வேகமாகக் கேட்டைத் திறந்தபோதே ஒரு பிரேக் போட்டுவிட்டார்.

பானட்டைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். "ம். யாரும் கை வைக்காத வண்டி."

மாமா வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தாள்.

டிரைவிங் ஸ்கூல்காரர் எஞ்சினின் மேல்மூடியில் ஒரு விரலை வைத்து இழுத்தார். தூசியில் கோடு விழுந்தது. விரலைப் பார்த்துத் திருப்தியோடு, எதில் துடைக்கலாம் என்று தேடினார். சோப்புவின் இடுப்பிலிருந்து துணி தானாக வெளியே வந்தது. அவர் விரலைத் துடைத்தாள். அதோடு நின்றிருக்கலாம்.

ஆனால் கோடு கோணலாக இருந்தது. அதை மட்டும் நேராக்கலாம் என்று துணி நுனியால் ஒரு இழுப்பு இழுத்தாள். கோடு பட்டையானது. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒத்துவரவில்லை. இன்னொரு இழுப்பு.

"சோப்பு" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "போய் டீ போட்டு எடுத்துட்டு வா."

"இதோக்கா." கை நிற்கவில்லை. மேல்மூடி முழுக்கத் தூசியிலிருந்து வெளியே வந்துவிட்டது. பளபளத்தது.

டிரைவிங் ஸ்கூல்காரரின் வலது கால் தரையை அழுத்தியது. "என்னம்மா இது? இத்தனை வருஷத்து அழுக்கு ஒரே துடைப்புல வருது?"

"நேத்துதானே போட்டோம்" என்றார் மாமா.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல்காரர் மூன்றாவது பிரேக்கையும் போட்டார். "என்னது? போட்டீங்களா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? சோப்பு எலிக் கூட்டில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கழுவியது, வேன் டிரைவர் சந்தேகப்பட்டது, தூவியது. கடைசியில் அவர் கவலைப்படக் கூடாதே என்று, "சலிச்சுத்தாங்க போட்டேன்" என்றாள்.

"எதை?"

"அழுக்கை. நூல் இருந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். ஓரத்தில் கிடந்த மாவு சல்லடையைப் பார்த்தார். அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று தெரியவில்லை. பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பில் கார்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"முழுசாத் துடைங்க" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "என் கண் முன்னாலயே துடைங்க. நான் பார்க்கிறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதி முடிந்திருந்தது. குழாய்களின் முதுகு, மூலைகள், பேட்டரியின் தலை என்று ஒன்றையும் விடவில்லை. மாமா வண்டியைக் கிளப்பினார். அக்கா போட்ட டீயைக் குடித்தபடி டிரைவிங் ஸ்கூல்காரர் பக்கத்திலேயே நின்றார். எஞ்சின் சூடாகி, உறுமி, ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் எங்கிருந்தாவது கசிந்தால் அந்தப் பளபளப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை. எதுவும் கசியவில்லை. அவர் தரையில் மண்டியிட்டு அடியிலும் பார்த்தார். காய்ந்த சிமெண்ட்.

"ஒழுகினா நீங்க பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்திருக்க மாட்டீங்க" என்றார் சோப்புவிடம். "அழுக்கையே ஒழுங்கா வைக்கிற ஆள். வண்டியை எடுத்துக்கிறேன்."

அக்கா உள்ளே ஓடினாள். அடுத்த நிமிஷமே அறையிலிருந்து மெஷின் மேஜை தரையைப் பிராண்டிக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது.

மாமா பேப்பரையும், மூக்குக் கண்ணாடியையும், ஒரு தலையணையையும் காரிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கினார். எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் ஷெட் நடுவில் நின்றார்.

சோப்பு பானட்டை மூடினாள். டிரைவிங் ஸ்கூல்காரர் ஊன்றிய கையின் அச்சு காரின் பக்கவாட்டில் பதிந்திருந்தது. துடைத்தாள். மூடியபோது பதிந்த தன் விரல்களின் அச்சையும் துடைத்தாள். பிறகு சாவியை, அதன் பற்களின் இடுக்குவரை துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.