தெரிந்தே கொடுத்த தேங்காய்

இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், யாங்கூனில், க்யிம்யிண்டைங் ஆற்றோரத்தில். மழை ஓய்ந்து, தடின்ஜூட் விளக்குப் பண்டிகையும் முடிந்து, மைதானத்துச் சேறு காய ஆரம்பித்திருந்த சமயம். அப்போதுதான் எங்கள் பக்கத்து ஃபுட்பால் பந்தயங்கள் தொடங்கும்.

நான் மார்க்கெட்டில் தேங்காய், வாழைப்பழம், பூ வியாபாரம் செய்கிறவள். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் பர்மிய மொழி. தமிழ் எழுத்தைக் கோயில் காலண்டரிலும், யாராவது படித்துவிட்டுப் போட்ட புத்தகத்திலும் நானாகவே கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஃபுட்பால் விஷயத்தில் என்னிடம் யாரும் பிழை கண்டுபிடிக்க முடியாது. ஐம்பது வயதுப் பொம்பளைக்குப் பந்தாட்டத்தில் என்ன இவ்வளவு வெறி என்று என் வீட்டுக்காரர் கேட்பார். "உங்க குறட்டையைப் பத்தி நான் ஏதாச்சும் கேட்டேனா?" என்பேன்.

எங்கள் டீமில் தமிழ்ப் பிள்ளைகள், பர்மியப் பிள்ளைகள், இரண்டும் கலந்த பிள்ளைகள் எல்லாரும் உண்டு. ஒரு வழக்கம் மட்டும் எல்லாருக்கும் பொது. ஆட்டம் தொடங்குமுன் 'நடு ஆள்' கோல் கம்பத்துப் பக்கத்துக் கல்லில் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். நடு ஆள் என்றால், நடுவில் நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுத்து மொத்த ஆட்டத்தையும் நடத்துகிறவர். அந்தத் தேங்காயை அவரே காலையில் என் கடைக்கு வந்து வாங்கிப் போவார். நான் காதோரம் வைத்து ஆட்டி, உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டு, விரலால் தட்டி, குடுமியை விலக்கிக் கண்ணைப் பார்த்துத்தான் கொடுப்பேன். அதுவரை பன்னிரண்டு வருஷத்தில் ஒரு காய் சோடை போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்தப் பன்னிரண்டு வருஷமும் நடு ஆள் ஒருவர்தான். அவரை எல்லாரும் 'கோஜீ' என்போம். பர்மிய மொழியில் பெரியண்ணன். என்னைவிடச் சின்னவர், ஆனாலும் எனக்கும் கோஜீதான். தலையைத் தூக்கி ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான். பந்து போக வேண்டிய காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். படகுத்துறையில் மூட்டை இறக்குகிற ஒருவர் அதை அழகாகச் சொல்வார்: "நம்ம வீட்டம்மா சோறு போடுற மாதிரிங்க. வேணும்னு வாய் திறக்கிறதுக்குள்ள தட்டுல இருக்கும்."

அந்த வருஷம் டீமில் பாதிப் பேர் ஊரில் இல்லை. மலேசியா, தாய்லாந்து என்று ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். பயிற்சி கொடுக்கிற மாஸ்டர், டீமைப் புதிதாகக் கட்டப் போவதாகச் சொன்னார். சரி, கட்டட்டும். ஆனால் இருக்கிற கோஜீயையும் உட்கார வைத்துவிட்டு, டாலாவிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து நடு ஆளாக நிறுத்தினார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் சைக்கா மிதிக்கிறவன், அதாவது சைக்கிள் ரிக்‌ஷா. தாத்தா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் சொன்னால் புரியும். பேச வந்தால் பாதி வழியில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவான்.

முதல் மூன்று ஆட்டமும் தோற்றோம். பந்து கிடைத்தால் விடமாட்டான், எதிரே நாலு பேர் வந்தாலும் தானே ஏய்த்துக்கொண்டு போகப் பார்ப்பான். "தம்பி, பந்தை இறக்கி விடு! அது சைக்கால ஏறின சவாரி இல்லை!" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

மாஸ்டரிடம் நேராகவே கேட்டேன்.

"வீட்டை இடிச்சுக் கட்டுறேங்கிறீங்க. கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்க குடியிருக்கிறது?"

"கொஞ்ச நாள் நனைங்கக்கா," என்றார் மனுஷன்.

கடைசியில் டீமை நடத்துகிற பெரியவர்கள் கூடி, நாலாவது ஆட்டமும் போனால் டாலாக்காரன் வேண்டாம், கோஜீயே திரும்ப ஆடட்டும் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த வார்த்தை தேன் மாதிரி இருந்தது.

அந்த நாலாவது ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் காய்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு காயை ஆட்டினால் சத்தமே இல்லை. குடுமிக்கு உள்ளே கண் ஈரமாக, கறுத்துப் போயிருந்தது. அழுகல். வழக்கமாக அதைக் குப்பைக் கூடையில் போடுவேன். அந்த நேரம் பார்த்து அவன் வந்து நின்றான். படகு ஏறி, பஸ் பிடித்து வந்த வியர்வை முகத்தில். தோளில் பூட்ஸைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தான். "ஆண்ட்டி, தேங்காய்," என்றான். என் கை குப்பைக் கூடைக்குப் போகவில்லை. கை தவறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துதான் பையில் போட்டேன். இவன் கையால் காய் அழுகலாக உடையட்டும், ஊரே இவனைப் போ என்று சொல்லட்டும் என்று நினைத்துத்தான் போட்டேன். பர்மிய மரியாதைப்படி இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, குனிந்து வாங்கிப் போனான்.

மைதானத்தில் காய் கல்லில் பட்டதும் எழுந்த நாற்றத்தை என்னவென்று சொல்ல! சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். "அம்மா தாயே!" என்றது ஒரு குரல். "அவனை மாத்துங்க மாஸ்டர், சாமியே சொல்லிடுச்சு!" என்றது இன்னொன்று. அவன் கையில் வழிந்த கறுப்புக் கூழைப் பார்த்தபடி அப்படியே நின்றான். கோஜீதான் பெஞ்சிலிருந்து எழுந்து போய், தன் பாட்டில் தண்ணீரை ஊற்றி அவன் கையைக் கழுவிவிட்டார். ஆட்டம் முழுக்க, பந்து வரும்போதெல்லாம் அவன் ஒரு கணம் திகைத்து நின்றான். இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். அடுத்த ஞாயிறு கோஜீ ஆடுவார் என்று அங்கேயே முடிவானது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் கடைக்கு வந்து நின்றான். அழுகல் காயைப் பற்றிக் கேட்க வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு, தமிழும் பர்மிய மொழியுமாகத் தட்டுத் தடுமாறிச் சொன்னது இதுதான்: "ஆண்ட்டி, தப்பு என்னோடது. சாமிக் காயை பூட்ஸோட சேர்த்துத் தோள்ல மாட்டிட்டேன். செருப்புப் படக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. அதான் கெட்டுப்போச்சு. மார்க்கெட்ல எல்லாரும் உங்க கடைக் காயைக் குறை சொன்னாங்க. நான் போய்ச் சொல்லிட்டேன், ஆண்ட்டி குடுத்தது நல்ல காய், நான்தான் கெடுத்தேன்னு. நீங்க கோபப்படாதீங்க."

தோற்று, டீமிலிருந்தும் போன மனுஷன், ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி வந்து, கடை கடையாக ஏறி என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறான். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு வாழைப்பழம் எடுத்து நீட்டினேன். அதையும் முழங்கையைத் தாங்கியே வாங்கிக்கொண்டு போனான். அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு காயை ஆட்டும்போதும் அவன் முகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோஜீ காய் வாங்க வருவதற்குள் நானே ஒரு காயை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டேன். டாலாக்காரனும் வந்திருந்தான், வெறும் செருப்போடு, பெஞ்சு ஓரத்தில். மாஸ்டர், பெரியவர்கள், ஆடுகிறவர்கள் எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். போன வாரக் காய் அழுகல் என்று எனக்குத் தெரியும், இவனைத் துரத்தத்தான் கொடுத்தேன், இவன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று.

முதலில் வாய் திறந்தவன் அவன்தான். "அப்போ பூட்ஸ் மேல தப்பு இல்லையா ஆண்ட்டி?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, ராசியில்லைன்னு அதைப் படகுல ஒருத்தருக்குச் சும்மா குடுத்துட்டேனே!"

யாரோ களுக்கென்று சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். கோஜீ என் பக்கம் திரும்பினார்.

"பன்னெண்டு வருஷமா எனக்கு மட்டும் ஏன்க்கா நல்ல காயாவே குடுத்தீங்க? ஒரு அழுகல் குடுத்திருந்தா, நானும் அப்பவே உட்கார்ந்து என் முழங்காலைக் காப்பாத்தியிருப்பேன்."

அப்போதுதான் கவனித்தேன். மடித்துக் கட்டிய லுங்கிக்குக் கீழே அவர் வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பன்னிரண்டு வருஷம் அவர் ஆட்டத்தைப் பார்த்தேன். அவர் நொண்டுவதை ஒரு நாளும் பார்க்கவில்லை. வலி தாங்காமல், ஆளை மாற்றச் சொல்லி மாஸ்டரிடம் கேட்டதே அவர்தானாம்.

மாஸ்டர் பெரியவர்களைப் பார்த்தார். டாலாக்காரனே ஆடட்டும் என்று அவர்கள் தலையாட்டினார்கள். கோஜீ தன் பூட்ஸைக் கழற்றி அவனிடம் தள்ளினார். ஒரு சைஸ் பெரிது. என் பையிலிருந்த பேப்பரைக் கசக்கி முன்னால் திணித்தோம். நான் கொண்டுபோன காயை அவன் உடைத்தான். வெள்ளை வெளேரென்று இரண்டாகத் திறந்தது.

ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். ஆளுக்கு ஒரு கோல் போட்டு, சமம். ஆனால் நாங்கள் அந்தக் கோல் போடுவதற்கு முன்னால் அவன் ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துப் பந்தை இன்னொருவன் காலுக்கு விட்டான். அந்த வருஷம் அப்புறமும் நிறையத் தோற்றோம். டீமை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நாங்களும் நனைந்துகொண்டுதான் இருக்கிறோம்.

என் கதை மார்க்கெட் முழுக்கப் பரவியது. வெகு நாள் வரை, பழகிய வாடிக்கைக்காரர்கள்கூட என் கண் முன்னாலேயே காயை ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். சிலர் இன்றும் அப்படித்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் நாளிலிருந்தே ஒரு தடவைகூட ஆட்டிப் பார்க்காமல் வாங்கிப் போகிறவன் அந்த டாலாக்காரன் ஒருவன்தான். முழங்கையைத் தாங்கிக்கொண்டு அவன் கை நீளும்போதெல்லாம், மற்றவர்களுக்கு ஒரு தடவை ஆட்டுகிற காயை அவனுக்கு மட்டும் நான் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துக் கொடுக்கிறேன்.