வலப்பக்கம் பன்னிரண்டு மீட்டர்

துறைமுகத்துக் கப்பல்காரர்கள் எல்லோரும் ஒன்றுகூடித் தன் ஆயுளில் பத்து வருடத்தைத் தின்றுவிட்டார்கள் என்பது அவளுடைய நிரந்தரப் புகார். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் அலாரம். கப்பலின் ரேடியோப் பெட்டியில் சின்னக் கோளாறு என்றாலும் முதலில் அடிப்பது பெட்டியின் அலாரமா, இந்த அம்மாவா என்று பந்தயம் கட்டுவார்களாம். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. அதற்காக அவள் குரலைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அவள் வேலை அந்தப் பெட்டியோடுதான். ஏ.ஐ.எஸ். என்பார்கள். கப்பலின் சுக்கான் அறையில் ஒரு சின்னத் திரையோடு உட்கார்ந்துகொண்டு, 'நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் இந்தப் பக்கம் போகிறேன்' என்று சில விநாடிக்கு ஒருமுறை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள கப்பல்களும் கரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையும் அதைக் கேட்டுத் திரையில் படமாகப் பார்த்துக்கொள்ளும். இருக்கும் இடத்தையும் வேகத்தையும் பெட்டி தானாகவே அறிந்துகொள்ளும். மற்றதை மனிதன் விரலால் தட்டிச் சொல்லவேண்டும். மனிதன் எங்கே சொல்கிறான்? நான்கு நாளாகக் கயிற்றில் கட்டிக்கிடக்கும் இழுவைப் படகு, 'ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டிருக்கும். சேறு வாரும் கப்பல் மீன்பிடிக் கப்பலாக உலாவும். போகுமிடம் என்ற கட்டத்தில் ஒரு மகானுபாவர் 'வீடு' என்று அடித்து வைத்திருந்தார்.

"எல்லாரும் வீட்டுக்குத்தாம்மா போறோம்" என்றார் கேட்டதற்கு.

"அப்ப ரேடியோவைக் கழட்டிட்டுப் போங்க. உங்களுக்கு எதுக்கு அது?" என்றாள்.

இருபத்து மூன்று வருடமாக இதே பாட்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கப்பலாக ஏறுவாள். ஆண்டெனா கம்பியின் முனையைக் கழற்றி, பச்சைக் களிம்பைச் சுரண்டி, மீட்டரைப் போட்டு அலையின் வலுவைப் பார்ப்பாள். பெட்டியின் உள்ளே பதிந்திருக்கும் விவரத்தைத் தன் கோப்பில் உள்ள தாளோடு வரி வரியாக ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். இறங்கும்போது கப்பலில் ஒருத்தர் முகமும் சிரிக்காது. "திரையைப் பாருங்க, திரையைப் பாருங்கன்னு கரடியாக் கத்துறேன். ஒருத்தராவது காதுல போட்டுக்கிறீங்களா?" என்பதுதான் அவள் விடைபெறும் முறை.

இவர்களிலேயே அந்தத் திரையை மருந்துக்கும் பார்க்காதவர் அவள் அக்காவின் கணவர். ஆற்று வாயில், வண்டியும் ஆளும் ஏற்றிக் கீழ்த்துறைக்கும் மேல்துறைக்கும் போய்வரும் ஃபெரியின் கேப்டன். முப்பத்தொரு வருடமாக அதே நீர். கரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு புகைபோக்கி, எண்ணெய்க் கிடங்கின் மூலை, இவற்றை வைத்தே ஓட்டுவார். மூடுபனியில்கூடத் தப்பியதில்லை. "அத்தான், அந்தப் பொட்டி சும்மா அலங்காரத்துக்கு வச்சதில்ல" என்று இவள் சொன்னால், "நீதான் பாத்துக்கிறியேம்மா, நான் வேற எதுக்கு?" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு இந்த வருடம் போய்விட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது: கப்பல்கள் போக ஆற்றில் குறித்துவைத்த வழியின் வலது ஓரக்கோட்டை ஃபெரி தாண்டியது. அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் ஆற்றடியில் எரிவாயுக் குழாய் போகிறது, எந்தக் கப்பலும் தொடக்கூடாது. மூன்று வாரத்தில் இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் உரிமத்தை நிறுத்திவைப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில் நிறுத்திய உரிமம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. வேறு வேலையும் அவருக்குத் தெரியாது.

"நான் தாண்டலை" என்றார் அவர்.

"கம்ப்யூட்டர் தாண்டினதா காட்டுது" என்றார்கள்.

"கம்ப்யூட்டரா சுக்கானைப் பிடிச்சுது?" என்று கேட்டுவிட்டு வந்தார். அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் இரண்டாவது கடிதம் கொஞ்சம் காரமாக இருந்தது என்று அக்கா சொன்னாள்.

பெட்டியில் கோளாறு இருக்கலாம் என்று ஃபெரிக் கம்பெனி இவளை வரவழைத்தது. ஏறினாள், கழற்றினாள், சுரண்டினாள், ஒத்துப்பார்த்தாள். பெட்டி கண்ணாடி மாதிரி சுத்தமாக வேலை செய்தது. பதிந்த விவரம் தாளில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருந்தது. இன்னொரு நாள் வந்து மறுபடியும் பார்த்தாள். பிறகு மூன்றாவது தடவை. மூன்று தடவையும் 'கருவி சரியாக உள்ளது' என்று கையெழுத்துப் போட்டாள்.

பெட்டி சரி என்றால் ஆள்தானே சரியில்லை? அவள் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் வாயையும் திறந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. அத்தானுக்குக் கண்ணு டாக்டரைப் பாக்கச் சொல்லு."

"கண்ணு நல்லாத்தாண்டி இருக்கு அவருக்கு. தெருமுனையில நிக்கிற பஸ்ஸோட நம்பரைப் படிக்கிறாரு."

"அப்ப கவனம் போயிடுச்சு. வயசாகுதுல்ல. இனிமேலாவது அந்தத் திரையைப் பாத்து ஓட்டச் சொல்லு."

அவர் பக்கத்து அறையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. வெளியே போனார். மறுநாள் கண் டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டு கண்ணும் பிரமாதம் என்று எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை யாரிடமும் காட்டாமல் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து திரையைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தார்.

கோடு தாண்டும் பேச்சு அதோடு நின்றது. பார்த்தீர்களா, சொன்னதைக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இவள் நான்கு பேரிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, மேல்துறைக்குப் போகும் வழியில் ஃபெரிக்கும் எதிரே மணல் ஏற்றிவந்த பார்ஜ் என்ற தட்டைக் கப்பலுக்கும் நடுவே நான்கு மீட்டர்தான் இருந்தது. ஃபெரியில் இருநூறு பேர், முப்பது வண்டிகள். பார்ஜின் கேப்டன் ரேடியோவில் திட்டிய திட்டு அச்சில் ஏறாது. "உன் பக்கத்தை விட்டுட்டு நடு ஆத்துல உனக்கு என்னய்யா வேலை?" என்பது மட்டும் எழுதத்தக்கது.

கட்டுப்பாட்டு அறை விசாரணைக்குக் கூப்பிட்டது. கேப்டனோடு பெட்டிக்குப் பொறுப்பான டெக்னீஷியனும் வரவேண்டும் என்றார்கள். அவர் உள்ளே அதிகாரியின் அறையில் இருந்தார். இவள் வெளியே, பெரிய திரைகள் இருக்கும் கூடத்தில் நாற்காலி நுனியில் காத்திருந்தாள். வேலையில் இருந்த பையன்கள் டீ குடித்துக்கொண்டே எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் கீழ்த்துறை பெரிதாகத் தெரிந்தது. ஃபெரியை அதன் வலப்பக்கம் துறையை ஒட்டியிருக்கும்படி கட்டியிருந்தார்கள். ஆனால் படத்தில் ஃபெரியின் வடிவத்தில் பாதிக்கு மேல் துறையிலேயே ஏறிப் படுத்திருந்தது. டிக்கெட் கவுண்டர் அதன் வயிற்றுக்குள் இருந்தது.

"இது என்ன?" என்றாள்.

"அதுவா? அது எப்பவும் அப்படித்தான்" என்றான் ஒருவன். "ஜி.பி.எஸ். கொஞ்சம் ஆடும்ல."

"ஆடுனா அங்கயும் இங்கயும் நகரணும். இது நகரவே இல்லையே. எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"தெரியலை மேடம். ஒரு அஞ்சாறு மாசம்?"

ஐந்தாறு மாதமாக ஒரு ஃபெரி டிக்கெட் கவுண்டர் மேல் ஏறி நிற்கிறது. இவர்கள் தினமும் பார்க்கிறார்கள், டீ குடிக்கிறார்கள். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்கப் போனவள், திரையிலேயே அளவுகோலை இழுத்து, துறையின் விளிம்பிலிருந்து வடிவத்தின் ஓரம் வரை அளந்தாள். பன்னிரண்டு மீட்டர்.

அளவுகோலை மறுபடி வைத்து அளந்தாள். அதே பன்னிரண்டு.

ஃபெரியின் அகலம் பதினெட்டு மீட்டர். சுக்கான் அறை வலது ஓரத்தில் இருக்கிறது. ஆண்டெனா அதன் கூரையில், கப்பலின் வலது விளிம்பிலிருந்து மூன்று மீட்டரில், இடது விளிம்பிலிருந்து பதினைந்து மீட்டரில். பெட்டிக்குத் தானாகத் தெரிவது ஆண்டெனா நிற்கும் புள்ளி மட்டும்தான். இந்த இரண்டு எண்ணையும் அதற்குச் சொன்னால்தான் அது கப்பலின் உடம்பைச் சரியான இடத்தில் வரையும். மாற்றிச் சொன்னால் பதினைந்திலிருந்து மூன்று போக மிச்சம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் கப்பல் வலப்பக்கம் தள்ளி நிற்கும்.

ஆறு மாதத்துக்கு முன் பழுதுபார்க்கும் தளத்தில் ஆண்டெனாவைப் பழைய கம்பத்திலிருந்து கூரைக்கு மாற்றியவள் அவள். முன்பக்கம் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள், பொறி முகத்தில் தெறித்தது. அதற்கு முதுகைக் காட்டி, கப்பலின் பின்பக்கம் பார்த்து நின்றுகொண்டு நாடாவைப் பிடித்தாள். இடது கைப்பக்கம் மூன்று. வலது கைப்பக்கம் பதினைந்து. பின்பக்கம் பார்த்து நிற்பவளின் இடது கை கப்பலுக்கு வலது என்பதை மறந்து, அப்படியே தாளில் எழுதினாள். தாளைப் பார்த்துப் பெட்டியில் ஏற்றினாள். பிறகு மூன்று தடவை வந்து பெட்டியைத் தாளோடு ஒத்துப்பார்த்தாள். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? இரண்டையும் எழுதிய கை ஒன்றுதானே.

அந்த மனுஷன் ஒருநாளும் கோட்டைத் தாண்டவில்லை. இவள் பேச்சைக் கேட்டுத் திரைக்குப் பயந்து பன்னிரண்டு மீட்டர் இடப்பக்கம் ஒதுங்கினார். ஒதுங்கி, எதிரே வந்த பார்ஜின் வாயில் போய் நின்றார்.

கருவிகளைப் பொருத்தும் தன் கம்பெனியின் முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சாஃப்ட்வேர் கோளாறுன்னு எழுதிடு. ரீசெட் பண்ணியாச்சு, சரியாயிடுச்சு, முடிஞ்சுது" என்றார்.

அப்படி எழுதினால் கடிதங்களை ரத்து செய்வார்களா என்று அதிகாரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "கருவி கெட்டுப்போனா அதைக் கவனிச்சு எங்களுக்குச் சொல்லவேண்டியது கேப்டனோட கடமை. அவர் மேல இருக்கிற புகார் அப்படியேதான் நிக்கும். பொருத்தும்போதே தப்பாப் பொருத்தினாங்கன்னா அது வேற கதை."

இருபத்து மூன்று வருடம் ஊரையே திட்டிய வாய். இனி எந்தக் கப்பலில் ஏறினாலும் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை வாங்கி, விசாரணைப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில், 'பொருத்திய டெக்னீஷியன் இடது வலது அளவுகளை மாற்றி ஏற்றிவிட்டார். கேப்டன் மீது தவறு இல்லை' என்று எழுதி, டெக்னீஷியன் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தல் திருத்தல் இல்லாமல் போட்டாள். கடிதங்கள் ரத்தாயின. பார்ஜ் விவகாரமும் அந்தக் கணக்கிலேயே முடிந்தது. சோதனைச் சான்றில் குத்த அவளுக்குக் கொடுத்திருந்த முத்திரையை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் அவர் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து வந்து கேட்டுவிட்டு, திரும்பப் போய்ப் பாத்திரத்தைப் படீரென்று வைத்தாள்.

"என்னைத் திட்டுங்க அத்தான்" என்றாள்.

"திட்டி?" என்றார் அவர். "ஒரு விஷயம் கேக்கறேன். அன்னிக்குக் காலையில அந்தப் பார்ஜ் வர்றது எனக்குக் கண்ணால தெரிஞ்சுது. வலப்பக்கம் ஒதுங்கணும்னும் தெரிஞ்சுது. ஆனா திரையில கோடு பக்கத்துல இருந்துச்சு. நாம பாக்கறதுதான் தப்புன்னு நெனச்சேன். இருநூறு பேரும்மா."

"தப்பு என்னுது."

"நம்பர் உன்னுது. நம்பினது நான்."

மறுநாள், முதலாளியின் வேறொரு ஆள் கூடவே நின்று பார்க்க, அவள் எண்களை மாற்றினாள். கடவுச்சொல் அடித்து, இரண்டு கட்டத்தைத் திருத்தி, சேமி என்று அழுத்த நாற்பது விநாடிகூட ஆகவில்லை. டிக்கெட் கவுண்டர் கப்பலுக்கு வெளியே வந்தது.

இரண்டு வாரம் கழித்து, முத்திரை இல்லாதவளாக, டிக்கெட் எடுத்த பயணியாக அவள் ஃபெரியில் ஏறினாள். அத்தான் சுக்கான் அறைக்குக் கூப்பிட்டார். பழைய கோபம் எதுவும் முகத்தில் இல்லை. வெயில் அடித்தது, ஆறு துடைத்துவைத்த மாதிரி தெளிவாக இருந்தது. அவர் ஓட்டினார். திரையைப் பார்த்தார். வெளியே பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அந்தத் தண்ணீர்த் தொட்டி நேராக வந்தபோது, முன்னெல்லாம் அவர் கை தானாகத் திருப்பும் இடத்தில், திருப்பாமல் திரைக்குக் குனிந்தார். எதிரே தூரத்தில் ஒரு பார்ஜ் வந்துகொண்டிருந்தது.

"அத்தான், இப்ப எல்லாம் சரியா இருக்கு."

"அப்பவும் சரின்னுதானே மூணு தடவை கையெழுத்துப் போட்ட."

"அதைப் பாக்காதீங்க. வெளிய பாருங்க. உங்களுக்குத் தெரியாத ஆறா இது?"

அவர் நிமிரவில்லை. "பாரு பாருன்னு இருபது வருஷம் பிராணனை வாங்கின. இப்பப் பாக்காதேங்கற. ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைம்மா" என்றார்.

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். பார்ஜ் வெகு தள்ளி, தன் பக்கத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை அவர் ஐந்து தடவை திரையைப் பார்த்தார்.